வழி விட்டவர்

எனக்கு முதன்முதலில் துரோகம் செய்தவன் ராக்கியப்பன். அதற்குப் பிறகு செய்தவர்களும் இருக்கிறார்கள். என் மைத்துனன் இருக்கிறான், மில்லில் கார்டிங் மேஸ்திரி இருந்தார், காதுகுத்துக்கு அழைக்காமல் விட்ட பங்காளி ஒருவன் இருக்கிறான், ஒருத்தரையும் நான் மறக்கவில்லை. ஆனால் வரிசை என்று ஒன்று உண்டு, அந்த வரிசையில் முன்னால் நிற்பவன் ராக்கியப்பன். இப்போது இந்த ஓட்டத்துக்கு வந்த கூட்டத்தில் எங்கேயோ முன்னால் நிற்கிறான். விடிந்தும் விடியாத நேரம், ரோடு கொள்ளாத ஜனம், எல்லோர் நெஞ்சிலும் ஒரு நம்பர். என் நெஞ்சிலும் குத்தியிருக்கிறார்கள், ஊக்கு ஒன்று உள்ளே திரும்பிக்கொண்டு சுருக்கென்கிறது. மைக்கில் ஒரு பையன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். மெதுவாக வருகிறவர்கள் இடது பக்கம் வாங்க. முந்துகிறவர்கள் வலது பக்கமாக, சொல்லிவிட்டு முந்துங்க. கைகோத்துக்கொண்டு வரிசையாகப் போகாதீங்க. போட்டோ எடுக்க நடு ரோட்டில் நிற்காதீங்க. தண்ணி குடித்த கப்பை தொட்டியில் போடுங்க. நல்ல விஷயம்தான், ஆனால் எவன் கேட்கிறான். எனக்கு முன்னால் ஒரே மாதிரி பனியன் போட்ட அஞ்சு பெண்பிள்ளைகள் அப்போதே கைகோத்தாயிற்று. சொல்லிவிட்டு முந்துங்க என்று அவன் சொல்லும்போதெல்லாம் எனக்கு வலது விலாவில் அந்த இடம் தெரிகிறது. வலி இல்லை. அந்த இடம் இருக்கிறது என்பது தெரிகிறது, அவ்வளவுதான். சொல்லிவிட்டு முந்தவேண்டும் என்பது இவர்கள் கண்டுபிடித்ததா என்ன? எங்கள் மில்லில் அது அப்போதே இருந்தது. மைக் வைத்துச் சொல்லவில்லை, யாரும் எழுதி ஒட்டவில்லை. எல்லோருக்கும் தெரியும். ராக்கியப்பனுக்கும் தெரியும்.

வளர்மதி நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்பாவுக்கு உடம்பின் மேல் அக்கறை வந்துவிட்டது என்று. நினைத்துக்கொள்ளட்டும். என் மகள் அவள், ஞாயிற்றுக்கிழமையானால் ஓடப் போகிற ஒரு குரூப்பில் சேர்ந்திருக்கிறாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே போனைக் காட்டினாள். "இங்க பாருங்கப்பா, எங்க குரூப்புல ஒரு தாத்தா. எழுபத்திரெண்டு வயசு. உங்களுக்கு மூட்டுவலின்னு சொல்லிச் சொல்லியே கட்டில்ல கெடக்கறீங்க." நான் போனை வாங்கி இரண்டு விரலால் அகலமாக்கினேன். தலை நரைத்திருந்தது, பல் இல்லை. ஆனால் அந்தக் கழுத்து, ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் நிற்கிற கழுத்து, அதை நான் வருஷக்கணக்காகப் பின்னால் இருந்து பார்த்திருக்கிறேன். மில் கேட்டுக்குள் போகும்போது பின்னால் இருந்து, டீக்கடை பெஞ்சில் பின்னால் இருந்து. "எனக்கும் ஒரு நம்பர் வாங்கிக் குடு" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே போய் ஷூ வாங்கிவந்தாள், பச்சையும் ஆரஞ்சுமாக, பார்க்கவே கூசுகிற நிறம். எனக்கு அவனிடம் சண்டை ஒன்றும் வேண்டாம். அடிக்கிற வயசும் இல்லை. ஒரு வார்த்தை. சென்னியப்பா, அன்னிக்கு நான் பண்ணினது தப்பு. இவ்வளவுதான். சொல்லிவிட்டால் நான் திரும்பி வீட்டுக்குப் போய்விடுவேன், இந்த ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு. இரண்டு பேரில் ஒருத்தர் போய்ச் சேர்வதற்குள் அதைக் கேட்டுவிட வேண்டும். போன மாசம், மில்லில் பஞ்சு பிரிக்கிற புளோ ரூமில் இருந்த ஆறுச்சாமி போனான். அதற்கு முந்தின மாசம், நூல் சுற்றுகிற ரீலிங்கில் இருந்த மாரக்கா. சாட்சிகள் ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நகர்கிறது. ஓட்டமில்லை, தேர் நகர்கிற மாதிரி. என் குதிகாலை எவனோ மிதிக்கிறான், "சாரி அங்கிள்" என்கிறான், சொன்னானே, அதுவே பெரிசு. ஆயிரம் ஷூ ரோட்டில் படுகிற சத்தம் மழை மாதிரி இருக்கிறது. எங்கள் ஓட்டத்தில் இந்தச் சத்தம் கிடையாது, நாங்கள் எல்லோரும் வெறுங்கால். ஆயுத பூஜைக்கு மறுநாள் விடிகாலை மில் கேட்டில் ஆரம்பிக்கும். முந்தின நாள் மிஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, வாழைமரம் கட்டி, பொரிகடலை வாங்கித் தின்று, அந்தப் பொரி வாசம் கையில் இருக்கும்போதே மறுநாள் ஓட்டம். மில் சங்குதான் எங்களுக்குத் துப்பாக்கி. அது ஊதினால் ஊருக்கே தெரியும். கேட்டிலிருந்து சோளக்காட்டு வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரி வழியாகக் குளத்துக்கரை, கரையைச் சுற்றித் திரும்பவும் கேட்டு. ரீலிங் பெண்டுகள் கரையில் வரிசையாக நிற்பார்கள், தூக்கம் கலையாத கண்ணோடு, தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். "ஏனுங் சென்னியப்பா, மூச்சு வாங்குதுங்களா, மடியில கட்டிக் கொண்டாந்து உடட்டுங்களா?" அது மாரக்கா. அந்தக் கேலியைக் கேட்பதற்காகவே இன்னும் வேகமாக ஓடுவோம். திரும்பி வந்தால் அண்டாவில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணி. ஒரே டம்ளர்தான், அண்ணாந்து ஊற்றிக்கொண்டு அடுத்தவனிடம் கொடுப்போம், ஒருத்தனும் டம்ளரை உதட்டில் வைத்ததில்லை. இங்கே பாருங்கள், தண்ணி மேஜை வந்துவிட்டது, ரோடெல்லாம் காகிதக் கப், நசுங்கி, வழுக்குகிறது. விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இந்த வயசில் விழுந்தால் இடுப்பெலும்பு, இடுப்பெலும்பு போனால் கட்டில், கட்டிலோடு போன பிறகு ராக்கியப்பன் பூச்செண்டோடு வந்து பார்த்து என்ன பிரயோஜனம்.

விழக்கூடாது என்று நினைத்தாலே கலிங்கு வந்துவிடுகிறது. குளம் நிரம்பினால் தண்ணி வழிந்து போவதற்குக் கல்லால் ஒரு குட்டைச் சுவர் கட்டியிருப்பார்கள், அதுதான் கலிங்கு. கரை அங்கே அறுந்து போகும், அந்தச் சுவர் மேலேதான் ஓடியாகவேண்டும். அகலம் ஒரு ஆளுக்குத்தான் சரி. ஐப்பசி மழை முன்னாலேயே பெய்துவிட்ட வருஷம் அது, கல்மேல் தண்ணி கண்ணாடித் தாள் மாதிரி வழிந்துகொண்டிருந்தது, அடியில் பாசி. கலிங்கு மேல் யாரும் யாரையும் முந்தக்கூடாது. அதுதான் வழக்கம். பின்னால் வருகிறவன் வேகமாக வந்தால் "வழி" என்று ஒரு குரல் கொடுப்பான். முன்னால் போகிறவன் கலிங்கைத் தாண்டினதும் இடது பக்கம் ஒதுங்கி விட்டுவிடுவான். கேட்டவனுக்கு மறுத்தவனும் கிடையாது, கேட்காமல் போனவனும் கிடையாது. அன்றைக்கு நான்தான் முன்னால். எனக்கு முன்னால் வெறும் தண்ணி, அதில் விடிகிற வெளிச்சம், ஒரு கொக்கு. அந்த மாதிரி ஒரு நிமிஷம் என் வாழ்க்கையில் வேறு வரவில்லை, கல்யாணத்தன்றும் இல்லை, வளர்மதி பிறந்தபோதும் இல்லை, சொல்லக்கூடாதுதான். ஜெயித்தவனை ஜில்லா போட்டிக்கு மில் சார்பில் அனுப்புவார்கள், அப்படிப் போகிறவனைப் பெர்மனென்ட் ஆக்குவார்கள். நான் பதிலி. பதிலி என்றால் தினமும் விடிகாலை கேட்டில் போய் நிற்கவேண்டும், எவனுக்காவது காய்ச்சல் வந்து லீவு போட்டால் அந்த இடத்துக்குக் கூப்பிடுவார்கள். அடுத்தவனுக்கு உடம்பு சரியில்லாமல் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிற பிழைப்பு. அது முடியப்போகிறது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். பின்னால் தண்ணி சளசளவென்று மிதிபடுகிற சத்தம் வந்தது. வழி என்று குரல் வரும், கலிங்கு முடிந்ததும் விடுவோம் என்று நினைத்தேன். குரல் வரவில்லை. முழங்கை வந்தது. வலது விலாவில். என் இடது கால் சறுக்கிக் கீழே பள்ளத்துப் பக்கம் போய்விட்டது. முழங்கைதான் முதலில், கால் அப்புறம். நான் நிமிர்ந்து பார்க்கும்போது அந்தச் சாய்ந்த கழுத்து எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவன் பெர்மனென்ட் ஆனான். நான் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் கேட்டில் நின்றேன். பெண் பார்க்கப் போன இடங்களில் "பையன் பெர்மனென்டுங்களா?" என்று கேட்டார்கள், காப்பியை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். முழங்கைதான் முதலில்.

"வழி கண்ணு, வலதுபக்கம் வர்றேன்." யாரோ கத்துகிறார்கள். கிழட்டுக் குரல். கொஞ்சம் முன்னால் இருந்து வருகிறது. "வழி சாமி, வழி. காதுல மாட்டீருக்கறதைக் கழட்டு கண்ணு, கூப்பட்டாக் கேக்கோணுமல்ல?" ஒரு பையன் சிரித்துக்கொண்டே ஒதுங்குகிறான். அந்த அஞ்சு பெண்பிள்ளைகளும் கையை விட்டுவிட்டு ஒதுங்குகிறார்கள். அவர்கள் ஒதுங்கின இடைவெளியில் கழுத்து தெரிகிறது. என் நெஞ்சு இப்படி அடிக்கக்கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் மருமகளோ மகளோ, ஒரு பெண் கூடவே நடக்கிறாள். அவன் ஒவ்வொருத்தரிடமும் சொல்லிச் சொல்லி முந்துகிறான். நாய்க்குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தவனிடம் சொல்கிறான், குழந்தை வண்டி தள்ளுகிறவளிடம் சொல்கிறான், தண்ணி குடித்த கப்பை நின்று தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறான். இந்த ரோட்டில் போகிற அத்தனை பேருக்கும் சொல்கிற வாய், அன்றைக்கு எனக்கு ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன? இரண்டே எழுத்து வார்த்தைதானே அது. நான் கொடுத்திருப்பேனே. கலிங்கு தாண்டினதும் இடது பக்கம் ஒதுங்கி, போடா ராசா என்று கொடுத்திருப்பேன். அப்படிக் கொடுத்துத் தோற்றிருந்தால் நான் நிம்மதியாகத் தோற்றிருப்பேன். கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன். எதற்கு இப்போது அந்தச் சந்தேகம்.

பாதாளச் சாக்கடைக்கு ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இரும்புத் தகடு அடைத்து, ஒருத்தர் பின் ஒருத்தராகத்தான் போகமுடியும். கூட்டம் நெருக்கிக்கொண்டு கயிறு மாதிரி ஆகிறது. நடுவில் புகுந்தவர்கள் எப்படியோ கழன்றுபோய் இப்போது நான் நேராக அவனுக்குப் பின்னால் நிற்கிறேன். கையை நீட்டினால் தொடலாம். அவன் மேல் அதே வாசனை இல்லை, மில் எண்ணெயும் பஞ்சும் கலந்த வாசனை, அது எங்கள் எல்லோர் மேலும் இருந்தது, சோப்புப் போட்டாலும் போகாது. மில் மூடின பிறகு ஒருநாள் சட்டையை மோந்து பார்த்தேன், போயிருந்தது. அன்றைக்குத்தான் அழுதேன், மூடின அன்றைக்கு அழவில்லை. இப்போது இவன் மேல் ஏதோ தைலம் மணக்கிறது. முழங்கை என்னிடமும் இருக்கிறது. நினைக்காமல் இல்லை. நினைத்தேன், ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல, திருப்பிக் கொடுத்துவிட்டால் அப்புறம் நான் எதை வைத்துக் கேட்பது. மூச்சு இரைக்கிறது எனக்கு. அது அவனுக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது, திரும்பாமலே தகட்டோடு ஒட்டி ஒதுங்கி, கையைக் காட்டுகிறான். "போங்க, நீங்க முன்னால போங்க. அவசரமாட்ட இருக்குது." என் வாய் சொல்கிறது, "இல்லீங்ணா, நீங்க போங்க." மனசுக்குள் இத்தனை வருஷமும் அவன் இவன் என்றுதான். வாயைத் திறந்தால் இப்போதும் அண்ணாதான் வருகிறது, அவன் என்னைவிட மூணு வயசு மூத்தவன், என்ன செய்வது. அந்த அண்ணாவைக் கேட்டு அவன் திரும்பினான்.

"அட சாமி! சென்னியப்பனா? நம்ம சென்னியப்பனேதானா?" இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான். பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொள்கிறார்கள், யாரோ முனகுகிறார்கள், அவன் காதில் எதுவும் விழவில்லை. "தாரணி, இங்க வா கண்ணு. நான் சொல்லுவனே சொல்லுவனே, அது இவருதான். இது என்ற மருமவ சென்னியப்பா." அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்கதானுங்களா அந்த மாமா? எங்க ஊட்ல உங்களப் பேசாத நாளே இல்லீங்க. ஆயுத பூஜை வந்துட்டாப் போதும், கலிங்குக் கதையை எடுத்துருவாரு." சொல்லியிருக்கிறான். வீட்டிலே சொல்லியிருக்கிறான், அப்படியானால் மனசு உறுத்தியிருக்கிறது, இதோ வந்துவிட்டது, அந்த வார்த்தை இதோ வந்துவிட்டது என்று நின்றேன். அவன் அவளைப் பார்த்துச் சொன்னான், "பதிலியாக் கெடந்த பயக ரெண்டு பேரும். நான் கண்ணுமண்ணு தெரியாம வர்றேன். கல்லு வழுக்குது, நிறுத்த முடியல, கத்தலாம்னா மூச்சில்ல. இவரு மட்டும் ஒதுங்கி உடலீன்னா ரெண்டு பேரும் தண்ணிக்குள்ளதான். முன்னால போற மனுசன், ஜெயிக்கற மனுசன், காலைப் பள்ளத்துல வெச்சு எனக்கு வழி உட்டாரு. யாரு உடுவா? அன்னிக்கு எனக்குப் பெர்மனென்ட் ஆச்சு. இருக்கற ஊடு, உன்ற புருசன் படிச்ச படிப்பு, அல்லாம் இவரு உட்ட வழியில வந்தது."

நான் சொன்னேன். சொல்லாமல் இல்லை. "நான் உடலீங்ணா. நீங்க இடிச்சீங்க." நல்ல சத்தமாகத்தான் சொன்னேன். "இங்க, இந்த விலாவுல, முழங்கையில." அவன் கண்ணில் தண்ணி வருகிற அளவுக்குச் சிரித்தான். "பாத்தியா தாரணி, நான் சொல்லல? இன்னிக்கும் தன்ற வாயால ஒத்துக்க மாட்டாரு. மில்லுல எதுக்க வந்தாக்கூட, எங்க நன்றி சொல்லிப்போடுவனோன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவாரு. அத்தனை பெரிய மனசு." சொல்லிக்கொண்டே என் விலாவில், அந்த இடத்திலேயே, கையை வைத்துத் தட்டிக்கொடுத்தான். நான் திருப்பிக்கொண்ட மூஞ்சியெல்லாம், டீக்கடையில் அவன் வந்ததும் எழுந்துபோனதெல்லாம், அவன் மகன் கல்யாணப் பத்திரிகையைத் திரும்பக் கொடுத்தனுப்பினது, அதைக்கூட எப்படியோ பெருந்தன்மைக் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறான். ஒன்றுகூட அவனுக்குப் போய்ச் சேரவில்லை. இத்தனை வருஷம் நான் கோபமாக இருந்தது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. மாரக்கா இருந்திருந்தால் கேட்டிருக்கலாம், நீ கரையில நின்னியே, எது முதல்ல, முழங்கையா காலா என்று. முழங்கைதான். அவன் கத்த மூச்சில்லை என்கிறானே, அது உண்மையாக இருக்குமோ? இருந்தால் இருக்கட்டும். மூச்சு வந்த பிறகு சொல்லியிருக்கலாமே. கேட்டில் எலுமிச்சைத் தண்ணி குடித்த பிறகு சொல்லியிருக்கலாமே.

இப்போது பக்கம்பக்கமாகப் போகிறோம். அவன் பேசிக்கொண்டே வருகிறான். கேண்டீன் போண்டா ஞாபகம் இருக்கா என்கிறான். இருக்கிறது. சங்கு ஊதினால் ஊரில் இருக்கிற குழந்தைகளெல்லாம் காதைப் பொத்துமே என்கிறான். ஆமாம் பொத்தும். நைட் ஷிப்டில் மிஷின் சத்தத்துக்கு மேலே பாட நாம் எப்படித் தொண்டையைக் கிழித்துக்கொண்டோம் என்கிறான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டேன். இந்தக் கதையெல்லாம் பேச எனக்கு வீட்டில் ஆள் இல்லை. வளர்மதிக்கு மில் என்றால் இப்போது அங்கே நிற்கிற அடுக்குமாடிதான். பேசினால் புரிந்துகொள்கிற ஒரே ஆள் மிச்சம் இருக்கிறான், அது இவனாகப் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் தாரணியுமாக மூணு பேர் ஒரே வரிசையில் ரோட்டை அடைத்துக்கொண்டு போவதைப் பின்னால் வந்த பையன் சொல்லித்தான் தெரிந்தது. "அங்கிள், சைடு." ஒதுங்கினோம்.

காற்றடைத்த வளைவு ஒன்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதுதான் முடிகிற இடம். அடியில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வளர்மதி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கோட்டுக்கு ஒரு எட்டு முன்னால் ராக்கியப்பன் நின்றுவிட்டான். "நீ முன்னால போ சாமி" என்றான். சிரிக்கவில்லை. "நெம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். என்னிக்காச்சும் ஒருநா பாத்தா இதைத் திருப்பிக் குடுக்கோணும்னு. அன்னிக்கு நீ உட்ட. இன்னிக்கு நான் உடறேன். போ. கணக்குத் தீந்துச்சு." போகலாம், ஒரே எட்டு. போனால் நான் அன்றைக்கு விட்டதாகிவிடும். அவன் தருவதை வாங்கிக்கொண்டால், எனக்கு வரவேண்டியது இது என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். நன்றி எனக்கு எதற்கு? என்ன செய்யட்டும் அதை வைத்துக்கொண்டு? "நீங்க போங்ணா" என்றேன். "அட, போப்பா." "நீங்க மொதல்ல போங்க." "உன்னோட நெம்பத் தொந்தரவாப் போச்சு, போ சாமீங்கறன்." பின்னால் வந்தவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதுகிறார்கள், குழந்தை வண்டி என் குதிகாலில் இடிக்கிறது, நாய் குரைக்கிறது. மைக்குக்காரப் பையன் ஓடிவந்து, "அய்யா, கோட்டுல நிக்காதீங்கய்யா, அத்தனை பேரும் தேங்கி நிக்கறாங்க" என்று கெஞ்சுகிறான். "அப்பா, வாங்கப்பா, ஒரு எட்டுதானே" என்று வளர்மதி கத்துகிறாள். ராக்கியப்பன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். நான் அவனைப் பார்த்தேன். சொல்லேண்டா என்று பார்த்தேன். இப்பவாவது சொல்லிவிட்டுப் போயேன். அவன் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம், தப்பே செய்யாதவன் மாதிரி.

இடது பக்கம் ஒதுங்கினேன். நானாகத்தான் ஒதுங்கினேன், யார் கையும் படவில்லை, இதற்கு ஊரே சாட்சி. ஒதுங்கி, கையைக் காட்டினேன். கூட்டம் தள்ளின தள்ளலில் அவன் தடுமாறிக் கோட்டைத் தாண்டிவிட்டான். தாண்டினவன் அந்தப் பக்கத்தில் திரும்பி நின்று, என்னைப் பார்த்துத் தலைக்கு மேலே கையெடுத்துக் கும்பிட்டு, வளர்மதியிடமும் தாரணியிடமும் மைக்குக்காரப் பையனிடமும் சொல்கிறான். "பாத்தீங்களா? ரெண்டாந்தாட்டி! எனக்கு ரெண்டாந்தாட்டி வழி உட்டுட்டாரு." எல்லோரும் கைதட்டுகிறார்கள். நான் இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன். முதல் தாட்டிக்கே இன்னும் எனக்குப் பாக்கி வரவேண்டியிருக்கிறது. "அடுத்த ஞாயித்துக்கெழமை வந்துரு சென்னியப்பா" என்கிறான். "வர்றனுங்ணா" என்றேன். வராமல் எங்கே போவேன்.